சிவப்புக் கோடு போன வழி

நானா,

மாடிகளிலிருந்து மாங்கனி இறைக்காமல் திருவிழாவைக் கோயிலுக்குள்ளேயே முடித்துக்கொண்ட வருடம் அது. நீங்களும் பெருநாள் தொழுகையை வீட்டிலேயே தொழுதீர்கள். கொரோனாவுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, திருமலைராயன்பட்டினத்தில் நாம் இரண்டு கிழவர்கள் உங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து, இடித்துப்போட்ட ஒரு வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு எழுத்து தெரியாதது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். நேற்று உங்கள் அக்கா, நம் லாத்தா, வந்துவிட்டுப் போனார். அண்ணனாக நினைத்து நானா என்று கூப்பிட்ட உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

குவைத்தில் கட்டடங்களுக்கு வரைபடம் போட்ட கை உங்களுடையது. கணினியில் ஏதோ ஒரு சுடுகிற ஆட்டத்துக்கு, ஓடி விளையாடும் இடத்தை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், துப்பாக்கியை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு உங்கள் பழைய வீட்டைக் கட்ட ஆரம்பித்தீர்கள். இந்த வயதில் எதற்கு இது என்று கேட்டேன்.

“லாத்தா மலேசியாவுல இருந்தப்ப கேக்காம வித்துட்டேன் தம்பி. வாங்குனவன் இடிச்சுட்டான். அன்னையிலேருந்து அவங்க எங்கிட்ட பேசுறதில்ல. ஒரே ஒரு தடவ வந்து இதுக்குள்ள நடந்துட்டாங்கன்னா போதும்.”

அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டீர்கள். அந்த வீட்டுக்கு வாலிபத்திலிருந்து அரிசி மூட்டை சுமந்தவன் நான். எந்த வாசல் நிலையில் குனிய வேண்டும், எந்தப் படியில் கால் இடறும் என்பதெல்லாம் என் தோளுக்கும் காலுக்கும் தெரியும். நான் சொல்லுவேன், நீங்கள் திரையில் சுவரை இழுத்து வைப்பீர்கள். பிறகு அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி நான் உள்ளே நடந்து பார்ப்பேன். முதல் நாள் தரை வழியாகவே பாதாளத்துக்குப் போய்விட்டேன். “ஐயோ நானா!” என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். “தரைக்குத் தரை ஒட்டல. நீ உழுந்த எடத்த அப்படியே காட்டு” என்று சிரித்தீர்கள். ஒரே இடத்தில் இரண்டு சுவர் வைத்துவிட்டால் அது படபடவென்று மின்னும். அதையும் நான் போய் முட்டித்தான் கண்டுபிடிப்பேன்.

அந்த ஆட்டத்துக்கு வீடு முழுக்க மூடியிருக்க வேண்டும். ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் விளக்கேற்றாது. உள்ளேயிருந்து கிளம்பி அந்த ஓட்டை வழியாக வெளியே போகும் ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டுக் காட்டும். முதலில் முற்றத்து வழியாகவே கோடு மேலே போனது. முற்றம் என்றால் திறந்துதானே இருக்கும்? அதற்கும் வானத்தின் படம் ஒட்டிய ஒரு மூடி வேண்டுமாம். “வானத்துக்கே மூடி போட்ட மனுசன்” என்று உங்களைக் கிண்டல் செய்தேன்.

முற்றத்தை மூடிய பிறகும் சிவப்புக் கோடு மறையவில்லை. இப்போது அது அடுப்படிக்கும் மூட்டை அடுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஓடியது. வெளிச்சுவரின் அளவு சரி. அறைகளின் அளவும் சரி. ஆனாலும் நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் மிஞ்சியது.

“ஒங்க ஞாபகம் சறுக்கிருச்சு நானா.”

“ஒன் ஞாபகமா இருக்கும். நீ மூட்டைய வச்சு அளக்குறவன்.”

“மூட்டை பொய் சொல்லாது.”

வாரக்கணக்கில் மல்லுக்கட்டினோம். கடைசியில், “யாரு ஞாபகமோ தப்பு, போவட்டும்” என்று உள்ளறைச் சுவரை இழுத்து அடுப்படிச் சுவரோடு ஒட்டிவிட்டீர்கள். கோடு மறைந்தது. வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது. நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டீர்கள். லாத்தாவுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அவர் வரவில்லை. அடுத்த அலையில் நீங்கள் மூச்சுக்குத் திணறிப் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் மகன் கணினியை என் வீட்டில் வைத்துவிட்டு வெளிநாட்டுக்குக் கிளம்பினான்.

நேற்றுதான் லாத்தா வந்தார். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. “அவன் என்னமோ கட்டி வச்சானாமே, காட்டு” என்றார். நான் வாசலில் தொடங்கி நடத்திக்கொண்டு போனேன். முற்றத்தில் லேசாகச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அடுப்படிக்குப் போனதும் முகம் சுருங்கிவிட்டது.

“இது ஆம்பளைங்க வீடு தம்பி. எங்க வழி எங்க?”

“என்ன வழி லாத்தா?”

“அலமாரிக்குப் பின்னால சந்து மாதிரி ஒரு முடுக்கு. தெருவுல கால் வைக்காம பக்கத்து வீடு, அதுக்கடுத்த வீடுன்னு கடைசி வரைக்கும் போவோம். கல்யாணம், சாவு மவுத்து, கொழம்புக் கிண்ணம், எல்லாம் அது வழியாத்தான்.”

அத்தனை வருடம் அந்தச் சுவரில் சாய்த்துத்தான் மூட்டை அடுக்கினேன். எனக்கு ஒரு கை தூரத்தில், வளையல் சத்தம்கூடக் கேட்காமல் பெண்கள் போய் வந்திருக்கிறார்கள்!

“நானாவுக்கே தெரியாதா?” என்றேன்.

“நானே அவன இடுப்புல தூக்கிக்கிட்டு அது வழியாப் போயிருக்கேன். ஆம்பளப் புள்ள, நடக்க ஆரம்பிச்சதும் வாசப் பக்கம் விட்டுட்டாங்க. மறந்துட்டான்.”

மிஞ்சிய இடத்துக்காக நாம் சண்டை போட்டதையும், கடைசியில் நீங்கள் சுவரை இழுத்து ஒட்டியதையும் சொன்னேன். “மொதல்ல எடம் விட்டிருந்தானா?” என்று இரண்டு தடவை கேட்டார். முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். “பைத்தியக்காரப் பய. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல? நான் எங்க கேக்க விட்டேன்... அந்தச் சொவத்த இழு தம்பி. மீதிய நான் சொல்றேன்.”

இழுத்தேன் நானா. திரையில் விளக்கு எல்லாம் அணைந்தது. சிவப்புக் கோடு திரும்ப வந்து, முடுக்கு வழியாக ஓடி வெறும் இருட்டில் போய் நின்றது. அந்த இருட்டில் விரலை வைத்து, இங்கே பக்கத்து வீட்டு அடுப்படி, இங்கே கிணறு, இங்கே குனிந்து போக வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நாளைக்கும் வருகிறேன் என்றிருக்கிறார். தெரு முழுக்கக் கட்டினால்தான் இனி அந்த வீடு மூடும். சுவர்களை நானே இழுப்பேன்.

அந்த முடுக்கில் நடந்தவர்கள் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லோரும் போய்விட்டார்கள் என்றார். இத்தனை காலம் லாத்தா, லாத்தா என்றே கூப்பிட்டுவிட்டேன், பெயர்கூடத் தெரியாது. நேற்றுதான் கேட்டேன். அந்த வழி தெரிந்து இன்று உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான், நானா: ஜுலைகா பீவி.