சூயிங்கம் தேடிய கை

டொலீடோ
மார்ச் 3, 2019

பிரியமுள்ள ரோண்டா அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மெய்சியின் இரவு உடைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று நீ சிரிப்பாய். கர்ப்பப்பைக் கட்டியால் இரத்தப்போக்கு நிற்கவே இல்லை, தள்ளிப்போடாதீர்கள் என்கிறார் டாக்டர். நான் படுத்திருக்கும் நாட்களில் மெய்சி உன்னிடம் இருப்பாள் என்பதால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. இந்தச் சனி, ஞாயிறு ஒத்திகையாக வரட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். பிள்ளையை இரவு தங்க அனுப்பும் எல்லா வீடுகளிலும் கேட்பதுதான்: துப்பாக்கி பூட்டி இருக்கிறதா? அந்நியரிடம் சட்டென்று கேட்டுவிடுகிறேன். சொந்த அக்காவிடம் கேட்க நாக்கு கூசுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
கொரீன்


ஜேன்ஸ்வில்
மார்ச் 6

அடியே வாத்தியாரம்மா,

கோபமா? சிரிப்புதான் வந்தது. உன் அத்தான் க்ளென் செத்த நாளிலிருந்து அது இரும்புப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. சாவி என் கழுத்தில். போதுமா, இல்லை சத்தியம் பண்ணட்டுமா?

நீயும் கொஞ்சம் உலகத்தைப் பார். நேற்றுப் பூராவும் டிவியில் காட்டினார்கள், கடை வாசலில் எவனோ ஒரு பெண்ணை மறித்ததை. அது டெக்சாஸ் என்பாய். அங்கே வந்தவனுக்கு இங்கே வர வழி தெரியாதா? இருட்டினால் நான் ஜன்னல் பக்கமே போவதில்லை.

பிள்ளைக்குப் பான்கேக் மாவு வாங்கி வைத்துவிட்டேன். சீக்கிரம் அனுப்பு, வீடு வெறிச்சென்று இருக்கிறது.

உன் ரோண்டா


டொலீடோ
மார்ச் 12

அக்கா,

நீ எத்தனை முறை கூப்பிட்டாலும் ஃபோனை எடுக்க மாட்டேன். எடுத்தால் கத்திவிடுவேன்.

ஞாயிறன்று உன் வீட்டிலிருந்து காரில் வரும்போது மெய்சி சொன்னாள்: "பெரியம்மா பை ஏன் கனமா இருக்குன்னு எனக்குத் தெரியுமே. ஆனா சொல்ல மாட்டேன்."

ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மீதியைக் கேட்டேன். மளிகைக் கடையில் தள்ளுவண்டிக்குள் உன் கைப்பை, பக்கத்தில் என் பிள்ளை. எப்போதும்போல் சூயிங்கம் எடுக்கக் கைவிட்டிருக்கிறாள்.

"உள்ள குண்டு இருக்கான்னு கேட்டேம்மா. 'குண்டு இல்லாம அது எதுக்குடி'ன்னு பெரியம்மா சிரிச்சாங்க. அப்புறம் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாங்க. அம்மாகிட்ட சொன்னா இனிமே உன்ன இங்க விடமாட்டான்னாங்க."

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. க்ளென் போனபின் அந்த வீட்டில் உன்னோடு பேசுவது டிவி மட்டும்தான். வருகிறான், வருகிறான் என்று நாள் முழுக்க அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. பயத்தில் பையில் வைத்திருக்கிறேன் என்று நீ எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். சண்டை போட்டிருப்போம், அழுதிருப்போம், சமாதானமும் ஆகியிருப்போம். நீயோ சாவி கழுத்தில் என்று எழுதினாய். அதைவிடக் கொடுமை, ஏழு வயதுப் பிள்ளைக்கு என்னிடம் மறைக்கக் கற்றுக்கொடுத்தாய்.

நேற்று, "பெரியம்மாவுக்கு என் மேல கோபமா?" என்று கேட்டாள். அவளுக்கு மட்டும் இரண்டு வரி எழுது. எனக்கு வேண்டாம்.

அவளை விட்டுப்போக எனக்கு வேறு வீடு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆபரேஷன் தேதியை உறுதிசெய்ய நாளை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். இது மெய்சிக்குத் தெரியாது, டாக்டருக்கும் இன்னும் தெரியாது.

கொரீன்