சாத்திய கதவுக்கு வெளியே

வக்கீல் சார்,

இன்று விஷ்ராந்த்வாடி தபால் நிலையத்தில் ஒரு பார்சலுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையில் நீங்கள் வந்து நின்றீர்கள். வழக்கு நடந்த நாட்களில், அரசுத் தரப்பின் ரகசிய ஆவணக் கவர்களை மறுபடி அரக்கு வைத்து மூடும்வரை கோர்ட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு வருவீர்கள். கறுப்புக் கோட்டெல்லாம் அந்த வாசனைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராணுவத் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலையில் இருந்த என் கணவர், வரைபடங்களை வெளியாளுக்குக் கொடுத்தார் என்று கைதானார். ரகசியச் சட்ட வழக்கு என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொன்னால் நீங்களே குற்றவாளி. மனைவியானாலும் எனக்கு வராந்தா பெஞ்சுதான்.

மதிய இடைவேளையில் எனக்கொரு வடாபாவ் வாங்கிவந்து, வெங்காய விலை, மழை, உங்கள் ஸ்கூட்டரின் அடம் என்று எல்லாவற்றையும் பேசுவீர்கள், அந்த ஒன்றைத் தவிர. ஒருநாள் பொறுக்க முடியாமல், "அவர் செஞ்சாரா சார்?" என்று கேட்டுவிட்டேன். "சாப்பிடும்மா" என்றீர்கள். அன்று உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்களால் நீங்களும் பட்டீர்கள். சொத்து வழக்குக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். துரோகிகளின் வக்கீல் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. பிறகு நாசிக்கிலிருந்தும் மும்பையிலிருந்தும் அதே மாதிரி வழக்குகள்தான் தேடி வந்தன. கடைசிவரை அதுவே உங்கள் தொழிலாகிவிட்டது.

சில வருடங்கள் கழித்து அவரை விடுவித்தார்கள். சாட்சியம் போதவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நிக்டியில் ஒரு பட்டறையில் வேலைக்குப் போனார். சர்ச்சில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காராததைப் பற்றிக்கூட அவர் வாய் திறக்கவில்லை. நானும் எதையும் கிளறவில்லை. இரண்டாயிரமாம் வருடம் பிறந்த கொஞ்ச நாளில் மாரடைப்பில் போய்விட்டார்.

இனி உண்மை தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்தேன். நீங்கள் படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, இப்போதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"நான் அவர்கிட்ட அதைக் கேட்டதே இல்லம்மா. கட்சிக்காரர்கிட்ட அதைக் கேக்க மாட்டோம். தெரிஞ்சுட்டா அப்புறம் எப்படி வாதாடுறது?"

அடுத்த வாரம் நீங்களும் போய்விட்டீர்கள். சட்டம் உங்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றே அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். சொல்வதற்கு உங்களிடம் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்றாகிவிடுமே என்ற பயம். சில மாலைகளில் சும்மா உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நானாவது கேட்பேன் என்றுதான் காத்திருந்தாரோ, சார்?