கிணற்றடிப் பக்கத்துச் சுவர்

ஏப்ரல் 3, வியாழன்
மூன்று மணிக்கு நூற்றிரண்டு. காய்ச்சல் இல்லை, வெயில். முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து இவருக்கு வேர்ப்பதே இல்லை. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகிறது. ஏசி போட்டால் சளி நெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. வீட்டில் மராமத்து நடக்கும்போதே மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் தெர்மாகோல் பலகை ஒட்டி, வலை வைத்துப் பூசிவிட்டால் சூடு உள்ளே வராது என்கிறார் மார்ட்டின் மேஸ்திரி. சுவர் எங்களுடையது. ஆனால் வெளியே நின்று ஒட்ட வேண்டிய இடம் இவருடைய அண்ணா சடகோபனின் கிணற்றடி. பாகம் பிரித்து நாலு வருஷம். சடகோபன் எங்கள் படி ஏறியதில்லை.

ஏப்ரல் 7
போய்க் கேட்டேன். நிற்க வைத்தே பேசினார். "பெருமாள் திருவாராதனத்துக்குத் தீர்த்தம் எடுக்கற இடம். அது முடியற வரைக்கும் அங்க ஒருத்தரும் காலை வைக்கப்படாது. பன்னண்டு மணிக்கு மேல வரச் சொல்லு."
தம்பி எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். பெருமாளுக்கு வேர்க்குமே என்று விசிறுகிற கை!

ஏப்ரல் 8
மார்ட்டின் தலையைச் சொறிந்தார். "மத்தியானம் அந்தச் சுவரு அடுப்பு மாதிரி காயும்மா. பசை பிடிக்கிறதுக்குள்ள காஞ்சிடும். காலையில ஆறு மணியிலேந்து பத்துக்குள்ள ஒட்டணும். இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்களேன்."
இன்னொரு வாட்டியா? அந்த மனுஷரிடமா? "பன்னண்டு மணிக்கே ஒட்டுங்கோ" என்றேன்.

ஏப்ரல் 10
ஒட்டியாகிவிட்டது. யாரிடமும் கெஞ்சவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
பதினோரு பலகை பசை பிடிக்காமல் பெயர்ந்து விழுந்தது, அதில் இரண்டு கிணற்றுக்குள். சடகோபன் கத்திக்கொண்டே படியேறி நேராக இவர் அறைக்குள் வந்தார். "கிணத்தைக் குப்பைத்தொட்டி ஆக்கிட்டேளா?" மணி மூன்று. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த இவர், "வாங்கோ அண்ணா" என்றார். நாக்குக் குழறியது.
சடகோபன் வெளியே போகத் திரும்பினார். நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். "போகாதீங்கோ. அஞ்சு மணி வரைக்கும் உங்க தம்பியோட உக்காந்து பாருங்கோ."
உட்கார்ந்தார். நாலரைக்கெல்லாம் மேல்துண்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் — காலை நேரம் கேட்க மறுபடி போகாதது நான்தானே? அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேகூட எழுதியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 16
காலை ஆறு மணிக்கு அவர்கள் கொல்லைக் கதவு திறந்துகிடக்கிறது. மார்ட்டின் ஆட்களோடு நிற்கிறார். "பெரியவரு போன் பண்ணி வரச் சொன்னாரும்மா. வேலை முடியற வரைக்கும் பூஜைக்குக் காவிரித் தண்ணி எடுத்துக்கறாராம்."
எழுபத்தோரு வயசில் பித்தளைக் குடத்தோடு அம்மா மண்டபம் படித்துறை வரை நடை. நடக்கட்டும். முதல் நாளே நடந்திருக்கலாம்.

மே 9, வெள்ளி
மூன்று மணிக்குத் தொண்ணூற்றொன்பது. இவர் தூங்குகிறார். கோடையில் பகலில் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு?
சடகோபன் வந்திருந்தார். இப்போது தினமும் சரியாக மூன்று மணிக்கு வருகிறார். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நான் இன்னும் பேசவில்லை. மோர் மட்டும் கொண்டுபோய் வைத்தேன். உப்புப் போடவில்லை, வேண்டுமென்றேதான். முழுவதும் குடித்தார். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.