சாமான் ஏற்றாத லாரி

கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டம்,
16.5.1985

அன்புள்ள அத்தானுக்கு,

பஞ்சாலை வணங்கி எழுதுவது. நானும் நம் மகள் வள்ளிநாயகியும் நலம். அவளுக்கு இருமல் விட்டுவிட்டது. ஜொகூரில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். வேலைக்குப் போகும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை நடந்ததை உங்கள் சித்தப்பா மகன் முனியாண்டி சொல்லியிருப்பார். ஆனாலும் நான் என் வாயால் சொல்லாவிட்டால் ஆகாது.

வீடு கிடைத்துவிட்டது, மூட்டை கட்டி வா என்று நீங்கள் எழுதியபடியே எல்லாம் கட்டி வைத்திருந்தேன். முனியாண்டி தம்பியும் காலையிலேயே லாரியோடு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராக்கம்மா அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள். தோட்டத்துப் பெண்கள் நாங்கள் சேர்ந்து போட்ட காய்கறியை எடுக்க வரும் லாரி வழியில் கெட்டு நின்றுவிட்டதாம். விடியுமுன் பறித்த பயற்றங்காயும் வெண்டிக்காயும் ஆற்றோரத்தில் கூடை கூடையாகக் கிடந்தன. வருஷக் கடைசி வெள்ளத்தில் முதல் நடவு அழுகிப்போனதை எழுதியிருந்தேனே, அதற்குப் பிறகு பெண்களே வாய்க்கால் வெட்டி, மண் அள்ளி மேட்டுப்பாத்தி போட்டு எடுத்த முதல் காய் அது. ரப்பர் பால்மரங்களை வெட்டி வேலை குறைந்தபின், நீங்கள் ஜொகூருக்குப் போனீர்கள். போக வழியில்லாத வீடுகளில் அடுப்பு எரிவது இதை நம்பித்தான். வெயில் ஏற ஏற எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"சாமான் இருக்கட்டும் தம்பி, கூடைய ஏத்துங்க" என்றேன். அவர் திகைத்துப்போய், "அண்ணனுக்கு நான் என்னா பதில் சொல்றது அண்ணி? ஜாலான்ல, ரோட்டோரமா வந்து நின்னுக்கிட்டு இருப்பாரு லா" என்றார். வள்ளிதான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கிளம்புங்க சித்தப்பா, பாசார்ல நான் பேசிக்கிறேன்" என்றாள். சிரம்பான் சந்தையில் கடைக்காரர்களிடம் மலாயில் பேரம் பேசி அத்தனையையும் விற்றுவிட்டு வந்தாள். சுங்கை காடுட் தொழிற்சாலைக்குத்தான் போவேன் என்று அழுத பிள்ளை, அடுத்த பாத்தியில் மிளகாய் போடலாமா என்று கேட்கிறாள்.

நீங்கள் இருட்டும்வரை ரோட்டில் நின்றீர்களாம். புது அடுப்பு வாங்கி வைத்து, பக்கத்து வீட்டாரிடமெல்லாம் நாங்கள் வருவதைச் சொல்லியிருந்தீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மறுநாளே திரும்பி வருகிறேன் என்றுதான் தம்பி சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களை மறுபடி அடுக்கும்போது என் மனம் லேசாக இருந்தது. நீங்கள் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக் கிடக்க, இங்கே எனக்கு மனம் லேசாக இருந்தது அத்தான். அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மேல் பாசம் இல்லாமல் அல்ல. அது மாரியம்மன் மேல் சத்தியம்.

கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள். நோய்நொடி அண்டாமல் அந்தத் தாய் உங்களைக் காக்கட்டும். லீவு கிடைத்தால் லாரி எதுவும் அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

உங்கள்
பஞ்சாலை