மூவாயிரம் யூனிட்

19.2.2025, புதன்

ரேஷனில் அரிசி போட்டார்கள். பாதி குருணை. கொண்டுவந்து கொட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

இது கணேஷின் நோட்டு. மச்சில் அவன் மாட்டிய மூன்று சோலார் தட்டும் எத்தனை யூனிட் கொடுத்திருக்கிறது என்று தினமும் சாயங்காலம் மிஷினைப் பார்த்துக் குறிப்பான். கடைசியாக எழுதியது 14.11.2024. யூனிட் 1871. மறுநாள் ஒரு மில் கூரையில் தட்டு மாட்டப் போனான். கல்நார் ஷீட்டு உடைந்து கீழே விழுந்தான். என் மகன் பாலகணேஷ், வயது இருபத்தி நாலு.

பையன் பெல்ட் போடவில்லை என்று முதலாளி சொன்னார். பெல்ட் வேனுக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி யார் கையில் இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

20.2.2025

வேலை முடிந்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். முனீஸ்வரி மதினி வந்தாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏட்டி வெள்ளத்தாயி, தட்டத் தார்ப்பாய் போட்டு மூடிட்டியாமே? ஒங்க அண்ணன் சொல்லிச் சிரிக்காவ. ரெண்டு வருசம் நிக்கல பாத்தியா, அதைச் செய்யப் போன கரண்டுல பாதிகூட அது குடுக்கலைங்காவ."

சிரிச்சானாம்.

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. வீரணன் என்றே எழுதுகிறேன். பட்டாளத்தில் இருந்து வந்த வீரணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாங்கு வாசலில் துப்பாக்கி வைத்துக்கொண்டு மீசையை முறுக்குகிற வீரணன்.

மூடினது நான்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஏறினேன். உடைக்கத்தான் ஏறினேன். குழவிக்கல் கையில் இருந்தது. அவன் முறுக்கின போல்ட்டைப் பார்த்தேன். முடியல. செத்தவன் சாம்பலாகிட்டான், இதுமட்டும் வெயிலைத் தின்னுக்கிட்டுச் சொகமா இருக்கணுமா? மூடிவிட்டு இறங்கினேன்.

21.2.2025

தார்ப்பாயை அவிழ்க்கவில்லை. அரிவாளால் கிழித்தேன்.

மிஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு பச்சை விளக்கு. 1911.

23.2.2025, ஞாயிறு

நோட்டின் முதல் பக்கத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மாமாவோட பந்தயம். மூணு பேனலையும் செய்யப் போன கரண்டு 3000 யூனிட். நெஜமா இதைவிடக் கம்மி. ஸ்டாண்டு, வயர், மிஷின், லாரி எல்லாம் மாமாவுக்காகச் சேத்துப் போட்டது. இருபத்தஞ்சு வருசம் ஆனாலும் வராதுங்காரு. வந்துட்டா மாமா மீசைய எடுக்கணும். வரலேன்னா நான் பட்டாளத்துக்குப் போறேன்."

கீழே ஒரு மீசை வரைந்திருக்கிறான். நல்ல பெரிய மீசை.

அந்த மீசைதான். அன்றைக்குச் சுடுகாட்டில் மீசை எடுக்க வந்தவர் பங்காளிப் பையனுக்குச் செய்துவிட்டு வீரணனைப் பார்த்தார். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன் நிற்கிறானே என்று பார்த்திருப்பார். "இளையவனுக்கு மூத்தவன் எடுக்கிற வழக்கம் இல்ல" என்றான். வழக்கம் சரிதான். எனக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது கை மீசைக்குப் போனது. நான் பார்த்தேன்.

பதினாறில் சோறு தின்றுகொண்டே, "பட்டாளத்துக்கு வாலேன்னேன், கேட்டானா" என்றான். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னான்.

16.3.2025, ஞாயிறு

1995. ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று ஜோயலை வரச் சொன்னேன். கணேஷோடு வேலை பார்த்தவன். தினமும் போர்த் தண்ணீரில் தட்டைக் கழுவுகிறேன் என்றேன். தலையில் கை வைத்தான்.

"அம்மா, அம்புட்டும் உப்புத் தண்ணி! கண்ணாடி மேல வெள்ளையா படிஞ்சு கெடக்கு பாருங்க. வெயிலு உள்ள போகவேண்டாமா? நல்ல தண்ணியில கழுவுங்க. உச்சி வெயில்ல ஊத்திராதிய, காலையில."

வினிகர் வாங்கி வந்து அவனே துடைத்துக் கொடுத்தான். இது எம்புட்டு நாள்தான் ஓடும் என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு வருசம் கேரண்டி. பொறவும் சாகாதும்மா. நூறு குடுத்தது எம்பது குடுக்கும்."

"அதுக்குச் சாவே கெடையாதாலே?"

தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவனை ஏன் குத்தினேன். காப்பி கொடுத்தேன், பாதி குடித்தான்.

கணேஷை வளர்க்க எனக்கு எம்புட்டுப் போச்சு? அதை எந்த மிஷினு காட்டும்?

2.4.2025

குடிதண்ணீர் வந்த நாள். எனக்கு நாலு குடம், தட்டுக்கு ஒரு குடம். 2067.

11.5.2025, ஞாயிறு

வீரணன் ஏணியோடும் ஒரு ஆளோடும் வந்தான். தட்டை இறக்கப் போகிறானாம்.

"பாக்கப் பாக்க நெஞ்சு எரியுது வெள்ளத்தாயி. அவன் உசிர எடுத்த சாமான்."

"உசிர எடுத்தது கூரை. தட்டு இல்ல."

"நீ பைத்தியக்காரி மாதிரி தெனம் மச்சேறிக் கழுவுதியாம். ஊரே சொல்லுது. நீயும் விழுந்து தொலைக்கணுமா?"

"விழுந்தா ஒனக்கு என்ன? எனக்கும் எடுக்கமாட்ட. நானும் இளையவதான்."

ஏணி கொண்டுவந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டான். வீரணன் முகம் செத்துப்போனது. நான் விடவில்லை.

"மூவாயிரத்துக்கு எழுநூத்தி அம்பதுதான் பாக்கி. மீசை போயிருமேன்னுதான இறக்க வந்த? ஏணியத் தூக்கிட்டுப் போ."

ஏணியை வைத்துவிட்டே போனான். நல்லதாயிற்று. எனக்கு மச்சேற வசதி.

31.8.2025

2732. மயில் வந்து அசிங்கம் பண்ணியிருந்தது. கழுவினேன்.

இவ்வளவு பேசுகிறேனே, கணேசு, அந்த மூவாயிரம் வந்த பிறகு நான் என்ன எழுதுவேன்?

22.10.2025

மழை. நேற்று முழுக்க முக்கால் யூனிட். மழையை வையக்கூடாது. வைதேன்.

15.11.2025, சனி

வருச நாள். 2993.

இன்றைக்குள் வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை. ஏழு யூனிட்டு! ஏழு! வீண்வீம்பில் மூணு மாசம் நானே மூடிப்போட்டேனே. இவனை வையுதேன், அவனை வையுதேன், என்னை யார் வைய?

வீரணன் வந்தான். மாலை போட்டான். இலை போட்டேன், நான் பரிமாறவில்லை. மச்சுப் பக்கம் அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

17.11.2025

நல்ல வெயில்.

3000.

18.11.2025, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பாங்கு வாசலில் பத்துப் பேராவது நிற்க வேண்டும், அத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆட்களும் நின்றார்கள். நோட்டை வீரணன் மடியில் எறிந்தேன்.

"படி. சத்தமா படி."

துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் பக்கத்தைப் பிரித்தான். உதடுதான் அசைந்தது. கீழே இருந்த படத்தை விரலால் தொட்டான். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். கணேஷ் எழுத்து முடிந்து என் எழுத்து தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். நான் அவனை வைதிருப்பதெல்லாம் அதில்தானே இருக்கிறது. எல்லாவற்றையும் படித்தான். ஒரு அம்மா பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு ஏதோ கேட்டாள், காதில் வாங்கவில்லை.

"எனக்காகச் சேத்துப் போட்டிருக்கானே, வெள்ளத்தாயி" என்றான்.

சண்டை போடத்தான் போனேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான் நான் ஒன்றுமே சொல்லாமல் வந்தது தெரிந்தது.

20.11.2025, வியாழன்

காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரோ என் குடத்தைத் தூக்கினார்கள். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மேலுதடு வெளுத்துப்போய், சின்ன வயதில் பார்த்த முகம்.

ஏணியைக் காட்டினேன்.

செத்த நேரம் மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம். துணியால் துடைக்கும் சத்தம். நான் கீழே இலை போட்டேன். பரிமாறினேன்.

இன்று 3010. அண்ணன் பார்த்துச் சொன்னது.