அன்று கரண்ட் போகவில்லை

ஓப்பநாயக்க
புதன்கிழமை

அன்பு மகன் சுதர்சனுக்கு,

மாதாவின் துணையால் அப்பாவும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். ஒரு கிழமையாக மழை விடவில்லை. மேல் லயத்து வீடுகள் பக்கம் மண் சரிந்து இறங்கலாம் என்று கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போனார், நம் லயத்துக்குப் பயமில்லை, போனில் அம்மாவிடம் அதைத் தோண்டித் தோண்டிக் கேட்டு அவளைப் பயமுறுத்தாதே. உன் தங்கச்சி அனிற்றாவின் சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள், என் மூக்குக் கண்ணாடியின் காதையும் கடித்து வளைத்துவிட்டாள், கோணல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து சரிந்திருந்தால் அவளைத்தான் நீ கேட்க வேண்டும். அம்மாவின் காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, மருந்து கட்டி இப்போது ஆறிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போனாலும் டிவி ஓடுகிற மாதிரி எங்களுக்கு ஒரு பேட்டரி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அனிற்றாவிடம் சொன்னாயாம். வாங்க வேண்டாம் மகனே. அன்று கரண்ட் போகவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன். நீ அதை நம்பி பேட்டரி வரைக்கும் யோசித்திருக்கிறாய் என்று அனிற்றா சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ “சரிப்பா விடுங்க” என்று அரைவாசியிலேயே என்னை நிறுத்திவிடுவாய், வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ வேலை பார்க்கிற பாட்டுக் கோஷ்டியின் கச்சேரிப் படத்தை மருமகன் சுதாகரன் பென்ட்ரைவில் போட்டு எடுத்து வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ எங்களிடம் என்ன சொல்லியிருந்தாய், ஸ்டேஜில் வேலை, வயரும் கிட்டாரும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்றுதானே. நான் குணசேன முதலாளியின் கடையில் நின்றுகொண்டு, ஐம்பதாயிரம் பேருக்கு முன்னால் என் மகன் ஸ்டேஜில் நிற்பான், வந்து பாருங்கள் என்று சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. பழனியாண்டியையும் கூப்பிட்டேன். பக்கத்து லயத்து ஆட்களும் வந்தார்கள். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து சாப்பிட்டு எழுந்ததும் வீடு நிறைந்துவிட்டது. அம்மா காலையிலேயே வடை சுட்டு வைத்திருந்தாள். மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

படம் ஆரம்பித்ததும் சத்தத்தில் தகரக்கூரை ஆடியது. அந்தப் பாட்டுக்காரன் பாடுகிறானா யாரையாவது திட்டுகிறானா என்று எனக்கு விளங்கவில்லை, கிட்டார்க்காரனின் முடியைப் பார்த்து அம்மா பேன் பார்க்க ஆளில்லையா என்றாள். பழனியாண்டி மட்டும் நன்றாக ரசித்தார், என்னோடு முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் சத்தத்தில் நின்ற மனிதர், தன் காதுக்கு ஏற்ற பாட்டு இப்போதுதான் வந்திருக்கிறது என்றார். எல்லோரும் உன்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். “ரெண்டாவது பாட்டுல கொஞ்சம் கவனமா பாருங்கப்பா” என்று நீ முதல்நாளே சொல்லியிருந்ததால் நான் கையைக் காட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். பாட்டின் நடுவில் கிட்டார் சத்தம் நின்றுபோனது. ஓரத்து இருட்டிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள், வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, முதுகை நன்றாக வளைத்துக் குனிந்தபடி ஓடி வந்து, அந்த வெள்ளைக்காரக் கிட்டார்க்காரன் காலடியில் முழங்காலில் உட்கார்ந்து வயரைப் பிடித்துக்கொண்டு ஏதோ செய்தான். முகம் ஒரு தரம் கேமராவுக்கு நேராகத் திரும்பியது. நீதான்.

குணசேன முதலாளி சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். “அர அபே சுதர்சன் நேத?” என்று கேட்டார், நம்ம சுதர்சன்தானே அது என்று. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “நே முதலாளி, ஏ வென கெனெக்” என்றேன். அது வேறு யாரோ என்று சொல்லிவிட்டேன் மகனே. சிங்களத்தில் சொன்னது போதாதென்று பழனியாண்டி பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னேன், “அது அங்க உள்ள லேபர்காரன், நம்ம பய இதுக்கெல்லாம் மேல” என்று. உன் அம்மா என்னைப் பார்த்தாள். வந்தவர்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பிளேன்டீ ஊற்றுகிற சாட்டில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அந்தப் படம் ஓடியது. ஒருவரும் எழுந்து போகவில்லை, ஒருவரும் உன்னைப் பற்றிக் கேட்கவும் இல்லை. படம் முடிந்து அவர்கள் போன கையோடு நீ போன் எடுத்தாய், “பாத்தீங்களாப்பா?” என்றாய், எவ்வளவு ஆசையாகக் கேட்டாய். கரண்ட் போய்விட்டது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு கடிதம் கேட்டுத் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு உன்னையும் கூட்டிப் போனேனே, ஞாபகம் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்னால் சமையல் குசினிப் பக்கம் வளைந்து நின்றேன். திரும்பி வரும்போது நீ, “ஏம்பா அப்புடி கூனிக்கிட்டு நின்னீங்க, முதுகு வலிச்சிச்சா?” என்று கேட்டாய். நடு ரோட்டில் உன்னை அறைந்தேன். இவன் யார் முன்னாலும் குனியக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் ஒரு வைராக்கியம் வைத்தேன், உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால்தான் அந்தப் படத்தில் உன் வளைந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை, பழைய பங்களாவும் நானும்தான் தெரிந்தோம். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. பெற்ற பிள்ளையை இல்லையென்று சொன்னவனுக்கு நியாயம் ஏது.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள், “கோயில்ல பூச நடக்கையில நடுவுல எந்திரிச்சுப் போறவங்க எப்புடிப் போறாங்க? மத்தவங்களுக்கு மறைக்கக் கூடாதுன்னு குனிஞ்சுதான போறாங்க? எம்புள்ள அதத்தான செஞ்சான், அதுகூடவா வெளங்கல ஒங்களுக்கு?” மறுநாள் அவள் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போன நேரம் பார்த்து, தனியாக அந்தப் படத்தைப் போட்டேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ வந்ததும் அந்தக் கிட்டார்க்காரன் உனக்கு இடம்விட்டுப் பின்னால் தள்ளி நிற்கிறான். பாட்டுக்காரன் பாடாமல் உன்னையே பார்க்கிறான். அத்தனை சனமும் காத்துக்கொண்டிருக்கிறது. நீ அவசரப்படாமல் வேலையை முடித்துக் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் சத்தம் வருகிறது, கிட்டார்க்காரன் குனிந்து உன் தோளைத் தட்டுகிறான். பெல்மதுளையில் ரஸாக் நானாவின் ஸ்பீக்கர் கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த உன் கைதான் அது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

அதே வேகத்தில் பழனியாண்டியிடம் போனேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லத்தான் போனேன், சொல்லி முடிக்கக்கூட அவர் விடவில்லை. “தெரியும் ராயப்பா, அவன் ஓடுறதப் பாத்தாலே தெரியாதா, நான் தூக்கி வளத்த பய. குணசேனவும் வெளிய வந்து அதத்தான் சொன்னாரு. நீ இல்லைன்னுட்ட, அதுக்கு மேல நாங்க என்னத்தச் சொல்றது” என்றார். அத்தனை பேரும் தெரிந்துகொண்டே என் மானத்தைக் காப்பாற்ற ஒன்றரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உன்னைப் பார்த்துச் சந்தோஷப்பட வந்த மனிதர்கள். அவர்கள் முகத்தில் இனி எப்படி முழிப்பது என்றிருந்தது. ஆனாலும் குணசேன முதலாளி கடைக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு எல்லோரையும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை முன்னால் உட்காரப் போவது அம்மா.

மன்னிப்பு என்று எழுத வந்து இரண்டு தரம் பேனையைக் கீழே வைத்துவிட்டேன், உன்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லை, ஆனாலும் எழுதுகிறேன், அப்பாவை மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, வேலைக்குப் போகும்போது சட்டைக்குள் ஒரு பெனியன் போட்டுக்கொள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைக்கு எந்தக் குறையும் வராதிருக்கட்டும். மறக்காமல் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். அந்த இடத்தை இதுவரை இருபது தரமாவது பார்த்திருப்பேன். முழங்காலில் உட்காரும்போது நீ இடது காலை மெதுவாக, கையை ஊன்றித்தான் வைக்கிறாய், எழும்பும்போதும் முகத்தைச் சுளிக்கிறாய். அந்தக் காலில் என்ன? எப்போது அடிபட்டது? ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லாதே மகனே, இந்த வீட்டில் பொய் சொல்ல நான் ஒருவன் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. இராயப்பன்