தண்ணீருக்குள் அசையும் விரல்கள்

ஆபீசில் சோதனைக்கென்று வைத்திருக்கும் மலிவு போன் இன்று மதியம் என் கையில் சுட்டது. யாரோ செய்த விளையாட்டு அதில் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுடுகிற போனைத் தொட்டாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து வெளியே போய் நின்றேன். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீ போன சில வாரங்களுக்குப் பிறகு, ஏரிக்கரையில் உங்கள் ஊர் தோணிரேவுக்கு வந்திருந்தேன். காய்ச்சலென்று படுத்தவள் இப்படிப் போய்விட்டாளே என்று உன் அம்மா மறுபடி மறுபடி சொன்னார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நீட்டினார். நாம் இருவரும் செய்துகொண்டிருந்த விளையாட்டை நீ அதில் போட்டுக் கொடுத்திருந்தாய். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, ஏரித் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள்தான் அதில். உருவங்களுக்கு நீ அசைவு கொடுத்தாய், நான் புரோகிராம் எழுதினேன்.

"எம் பொண்ணு செஞ்சதுனு எல்லாருக்கும் காட்டணும்னு பாக்கறேன். ரெண்டடி வெச்சா நின்னுடுது. நீ பாத்துக் குடும்மா" என்றார். போன் கொதித்தது.

மீஞ்சூரில் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடிய விளையாட்டு, அந்தப் போனில் திக்கித் திக்கி நின்றது. முதல் சந்தேகம் தண்ணீர் மேல். அலைகளை எடுத்தேன். நிழல்களை எடுத்தேன். வானத்துப் பூநாரைகளைக்கூட எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பெண்களை ஒவ்வொருவராக மறைத்தேன். ஒருத்தி மறைய மறைய விளையாட்டுக்கு வேகம் கூடியது. யாருமே இல்லாத ஏரி சீராக ஓடியது. அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

போனை லேப்டாப்போடு இணைத்து, எந்த வேலை நேரத்தைத் தின்கிறது என்று தேடினேன். விரல்கள். கலங்கல் தண்ணீருக்குள், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஒவ்வொருத்தியின் பத்து விரல்களும் கணுக்கணுவாக அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கணுவும் அடுத்து எங்கே இருக்க வேண்டும் என்று அந்தச் சின்னப் போன் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த அசைவுகளை நீ படம் எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. ஏரித் தண்ணீரில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாதென்று, துணி துவைக்கும் டப்பில் நல்ல தண்ணீர் ஊற்றி அம்மாவைக் கை விடச் சொன்னாய். இறால் இல்லாத தண்ணீரில் எதைத் தடவுவது என்று அவர் அலுத்துக்கொண்டார். நீ ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பறியிலிருந்து உயிரோடு கொஞ்சம் இறால் வாங்கி வந்து டப்பில் விட்டாய். உடனே அவர் பேச்சு நின்றது. விரலில் ஒன்று பட்டதும் தோள் ஒரு கணம் தயங்கியது. பார் என்பதுபோல் நீ என்னைக் கிள்ளினாய். தண்ணீருக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, "வெரலு சும்மா இருந்தா தோளு பொய் சொல்லும்டி" என்றாய். விளையாட்டிலும் அப்படியே செய்துவைத்தாய். விரலில் ஏதாவது பட்டால் மட்டுமே தோள் தயங்கும்.

அந்த வாரம் முழுவதும் ஆபீஸ் போகும் ரயிலில் நின்றுகொண்டே மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். விரல்களை நிறுத்தினால் நீ செய்தது போய்விடும். நிறுத்தாவிட்டால் உன் அம்மா கையில் அது ஓடாது. கடைசியில், முன்னால் நிற்கும் ஒருத்திக்கு மட்டும் விரல்களை விட்டுவைத்தேன். தூரத்துப் பெண்களுக்கு அவற்றை நிறுத்திவிட்டு, தயக்கமில்லாத தோள் அசைவை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். போன் சூடு தணிந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தபோது கரையில் இருந்த பெண்களெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். எங்கும் நிற்காமல் ஓடியது. யார் செய்தது என்று ஒருத்தி கேட்டாள். "எம் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா அழுதார்.

எல்லோரும் கலைந்த பிறகு, திரையில் தூரத்தில் நிற்கும் ஒருத்தியைத் தொட்டுக் காட்டினார். "இவளுக்கு இன்னும் ஒண்ணும் மாட்டலியா?"

இல்லை என்றேன்.

"பாவம்" என்று சொல்லிப் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. நீ இருந்திருந்தால் விரல்களையும் விடாமல், போனையும் திணறவிடாமல், வேறு ஏதாவது வழி கண்டுபிடித்திருப்பாய். இப்போது வேறு யார் யாரோ செய்த விளையாட்டுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. நடுநடுவே அந்த மலிவு போனில் நம்முடையதைத் திறந்துவிடுகிறேன். நேற்று, தூரத்தில் நிற்கும் அவளுக்கு மட்டும் விரல்களைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஓடியது. அவள் தோள் ஒருமுறை தயங்கியது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. நாளைக்கு வேறு மாதிரி செய்து பார்க்க வேண்டும்.